கம்பி அறுத்த மணி

அன்று மாலை முன்கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, எங்கள் ஒரே மகள், அவளைத் தம் மகனுக்குக் கேட்டு வந்த நீதிபதி, அவர் மனைவி, எங்கள் குடும்ப வக்கீல். மாடியில் எவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் அறைக்கொரு பித்தளை மணி உண்டு. அறையில் கயிற்றை இழுத்தால் சுவருக்குள் ஓடும் கம்பி வழியாக முன்கூடத்துப் பலகையில் அந்த அறைக்குரிய மணி அடிக்கும். கொள்ளுத்தாத்தா செய்த ஏற்பாடு. விருந்தாளிகள் இருக்கும்போது கடைசி மணி அடித்தால் மட்டும் யாரும் எழக் கூடாது. அது நான் செய்த ஏற்பாடு. அந்த மணிக்குரிய மாடி அறையில் காலஞ்சென்ற என் தம்பியின் மனைவி இருந்தாள். எங்கள் டிரைவரின் மகள். சோறு துணிக்குக் குறை வைக்கவில்லை. வெளியார் அவளைப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மந்திரி வந்திருந்தபோது அந்த மணி விடாமல் அடித்தது. நானே போய்க் கம்பியை அறுத்தேன். மந்திரி கிளம்பிய பிறகு பூட்டிய கதவைத் திறந்தோம். அவள் உயிரோடு இல்லை.

"உங்க தம்பி கல்யாணமே பண்ணிக்கலையாமே?" என்றார் நீதிபதி.

"இல்லை" என்றேன்.

கடைசி மணி அடித்தது.

வக்கீல் சிரித்தார். "எலிங்க. இந்த வீட்டுல எலிக்குக்கூட நாலு தலைமுறைப் பெருமை உண்டு."

"எலி இப்படி விட்டு விட்டு மூணு தடவை அடிக்குமா?" என்றார் நீதிபதியின் மனைவி.

என் மகள் எழுந்தாள். "சித்தி கூப்பிடுறாங்கப்பா."

"உட்காரும்மா."

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க. நானும் உட்கார்ந்துட்டேன்."

மாடி ஏறிப் போனாள். மேலே கதவு திறந்து மூடியது. மணி நின்றது.

நீதிபதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறைக்க வழியில்லை; எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காபியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"பழைய குடும்பம்னா பூட்டின ரூம் ஒண்ணு இருக்கத்தான் செய்யும். எங்க வீட்டுல ரெண்டு."

மகள் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறாள். வேண்டும்போது மணி அடிக்கிறாள். அவள் தூங்கும்போதும் சில நாள் அடிக்கிறது. கம்பியை நான் திரும்ப இணைக்கவில்லை. இப்போதெல்லாம் எதிரில் யார் இருந்தாலும் நானே எழுந்து போகிறேன்.

நீதிபதி வீட்டார் பயந்துபோய்ச் சம்பந்தத்தை முறித்துக்கொண்டதாக ஊரில் பேச்சு. தவறு. மறுநாள் காலையிலேயே சம்மதம் சொல்லி அனுப்பினார்கள்.