சிங்கம் கொடுத்த டப்பா

கல்யாணமான ஏழு வருடத்தில் பிள்ளைக்காக எனக்குப் பார்க்காத சோதனை இல்லை. ஊசி, ஸ்கேன், காலை அகட்டிப் படுக்கவைத்து நாலு பேர் எட்டிப் பார்த்தது, எல்லாம் முடிந்து என்மேல் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் கணவர் மட்டும் விந்து பிடித்துக் கொடுக்கச் சொன்ன ஒரு சின்ன டப்பாவைத் தொட மாட்டார். சிங்கத்துக்கெல்லாம் சோதனை கிடையாதாம்.

சிங்கத்துக்குப் பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை. முகமூடி கொடுத்தால் கழுத்தில் தொங்கவிடுவார். கையைக் கழுவாமல் சாப்பிடுவார். சட்டையை உதறினால் சாம்பல் நிறத்தில் தூள் கொட்டும். அதைத் துவைப்பவளும் நான்தான், மலடி என்று பேர் வாங்கியவளும் நான்தான். அத்தை தன் பிள்ளைக்கு இரண்டாவதாகப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"அவரோட ரிசல்ட் வராம நான் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

டப்பாவைப் பட்டறையிலிருந்தே கொண்டுபோய் ஆய்வகத்தில் கொடுத்துவிட்டதாக ஒருநாள் வந்து சொன்னார். அன்றிலிருந்து மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு நடை. அத்தையும் பெண் வீட்டாருக்கு நாள் சொல்லிவிட்டார்.

ரிசல்ட் வந்ததும் இருவரும் போனோம். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். "விந்துல உயிரணு ரொம்பக் கொஞ்சம். இருக்கறதும் அசையல. ஈய வேலைதானே? அது ரத்தத்துல ஏறி, விதைக்குள்ள அணு உருவாகுற இடத்தையே கெடுத்துரும்."

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இத்தனை நாளும் அகப்பைக்குத்தான் திட்டு.

"இருக்காது டாக்டர்" என்றார் இவர். "அவனுக்கு ரெட்டைப் பிள்ளைங்க இருக்கு."

"யாருக்கு?"

வாய் நழுவிவிட்டது. உலையில் இவருடன் நிற்கும் கூட்டாளி இரட்டைப் பிள்ளைகளுக்கு அப்பன். பட்டறையில் அவன் பேரே ரெட்டை. அவனைக் கெஞ்சி அவனுடையதை வாங்கி, தன் பேரை ஒட்டிக் கொடுத்திருக்கிறார். வெட்கங்கெட்ட ஜென்மம்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பிள்ளைங்க எப்பப் பொறந்தது?"

"அவன் பட்டறைக்கு வர்றதுக்கு முன்னால."

"வந்து எத்தனை வருஷம்?"

"மூணு."

"நீங்க?"

"பத்து."

டாக்டரம்மா புதுச் சீட்டு எழுதினார். "நாளைக்கு உங்களோடதைக் குடுங்க. உங்களுக்கும் உங்க கூட்டாளிக்கும் ரத்தமும் பாக்கணும்."

படியிறங்கும்போது இவர் என் கையைப் பிடித்தார். "அம்மாகிட்ட சொல்லிராத. ரெட்டைக்கும் தெரிய வேணாம்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது. ரெட்டையின் பெண்டாட்டி மூன்றாவது பிள்ளைக்காக இரண்டு வருடமாக மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

கையை உதறினேன். "அத்தைகிட்டயும் பொண்ணு வீட்டுலயும் இன்னைக்கே நீங்க சொல்லுங்க. இல்லேன்னா நான் சொல்லுவேன். இப்ப ரெட்டை வீட்டுக்குப் போறேன்."

"அவன் பொண்டாட்டிகிட்ட என்னன்னு சொல்லுவ?" என்று உளறினார்.

"உன்மேல குறை இல்லைன்னு சொல்லுவேன். நீங்க ஒரு தடவைகூட எங்கிட்ட சொல்லாததை."