நான்காம் கேள்வி

ஐந்து ஐம்பதுக்கு அலாரம் அடிக்கிறது. எழுகிறேன். காபிக்கு மூன்று கரண்டி தூள். ஓட்ஸ் கஞ்சி. பூனைக்கு அரை டப்பா மீன். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, ஒன்றின் மேல் ஒன்று. படிகளில் விழுந்த பனியை மண்வாரியால் தள்ளுகிறேன். பக்கத்து வீட்டுப் படிகளையும். காரின் முகப்பிலிருந்து ஆரஞ்சு நிற ஒயர் ஒன்று வீட்டுச் சுவருக்குப் போகிறது. இரவெல்லாம் இஞ்சினைக் கதகதப்பாக வைத்திருப்பது அதுதான். மைனஸ் இருபதில் அது இல்லாமல் எங்கள் டுலூத் நகரத்தில் எந்த வண்டியும் கிளம்பாது. அதைக் கழற்றி, சுருட்டி, ஆணியில் மாட்டுகிறேன். காரில் ஏறுகிறேன். இறங்கி ஆணியை இன்னொரு முறை பார்க்கிறேன். ஏறுகிறேன். ஏழு பத்துக்கு அலுவலகம்.

எனக்கு முப்பத்து மூன்று வயது. இனி மருந்தால் பயனில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைக் கடைசிவரை கவனிக்கும் ஒரு ஹாஸ்பிஸில் சமூகப் பணியாளர். வலியைச் செவிலியர்கள் பார்ப்பார்கள். மிச்சத்தை நான் பார்ப்பேன். காப்பீட்டுத் தாள்கள், பத்து வருடமாகப் பேசாத மகன், நாயை யார் எடுத்துக்கொள்வது என்பது.

மாரிட் போன வருடம் ஜனவரியில் இறந்தாள். என் மனைவி. மூளையில் ஒரு ரத்தக்குழாய். பள்ளி நூலகத்தில் வேலையாக இருந்தாள். பகல் பதினொன்றே முக்கால். வயது முப்பத்தொன்று.

அதற்கு ஒரு வருடம் முன்பு நான் முனைவர் படிப்பில் சேர்ந்திருந்தேன். ஆராய்ச்சியாளர்களுக்கான படிப்பு அல்ல, வேலையை விடாமல் படிக்கிறவர்களுக்கானது. அலமாரியில் வைக்க ஆய்வேடு எழுத வேண்டியதில்லை. வேலை செய்யும் இடத்தில் ஓடாத ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ஓட வைத்துக் காட்ட வேண்டும். அவள் போன பின் ஒரு பருவம் விடுப்பு எடுத்தேன். திரும்பச் சேர ஒரு கடிதம் கேட்டார்கள். ஏன் தொடர விரும்புகிறீர்கள், இரண்டு பக்கத்தில். மூன்று நாள் வெற்றுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் எழுதினேன்: என் மனைவி என்னிடம் கடைசியாகச் சொன்னது, 'இதை முடி, ஏரிக்.' அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் தானாக வந்தன. சேர்த்துக்கொண்டார்கள். டிசம்பரில் மாணவர் செய்திமடலில் அந்த வரியைப் போடலாமா என்று கேட்டார்கள். சரி என்றேன். மாரிட்டின் அம்மா சோல்வெய் அதைப் படித்தார். அதைத்தான் கல்லறைக் கல்லில் வெட்ட வேண்டும் என்றார். மே மாதம் மண் இளகியதும் கல்லை நடுவார்கள். வாசகத்தை இந்த வெள்ளிக்கிழமைக்குள் கல்வெட்டுபவரிடம் கொடுக்க வேண்டும்.

நான் எடுத்துக்கொண்ட சிக்கல் சிறியது. ஒருவர் இறந்த மூன்றாம் வாரம் அவர் குடும்பத்தைத் தொலைபேசியில் அழைப்போம். ஒன்பது கேள்விகள். தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள். நான்காவது கேள்வி: அவர் கடைசியாக உங்களிடம் சொன்னது என்ன? பேச்சைத் திறந்துவிடும் என்று நம்பி யாரோ எப்போதோ சேர்த்தது. ஆனால் பேச்சு அங்கேதான் மூடிக்கொண்டது. நான் நாற்பத்தொரு அழைப்புகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். 'நல்லா இரு' என்று பதினேழு பேர் சொல்லியிருந்தார்கள். 'புள்ளைங்களப் பாத்துக்கோ' என்று பதினொரு பேர். 'எனக்குப் பயமில்ல' என்று ஆறு பேர். பதிலைச் சொன்னதும் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். செவிலியர் குறிப்புகளை எடுத்து ஒப்பிட்டேன். 'நல்லா இரு' சொன்னதாகச் சொல்லப்பட்ட நோயாளிகளில் பாதிப் பேர் கடைசி நான்கு நாள் வாயே திறக்கவில்லை. இது ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஒரு வருடத்தில் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்த முதல் விஷயம் அது.

என் வழிகாட்டி லொரேன் பெனாய்ட், ஓர் அழைப்பைச் சொல்லுக்குச் சொல் எழுதி அனுப்பச் சொன்னார். எங்கள் தொழிலில் அதற்கு ஒரு முறை உண்டு. தாளை நெடுக்காக மூன்றாகப் பிரிப்போம். முதல் கட்டத்தில் இருவரும் சொன்ன சொற்கள். இரண்டாவதில் அந்த நேரம் எனக்குள் என்ன நடந்தது. மூன்றாவதில் பிறகு யோசித்தது. படிப்பின் முதல் மாதத்திலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள். எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்வோம். மூன்றாவதில் வர வேண்டியதை முதலாவதில் எழுதிவிடுவோம்.

"இது யாரு பேசுறது?" நான் அனுப்பிய தாளைப் படித்துவிட்டு, வீடியோ அழைப்பில் லொரேன் கேட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார்.

"அந்தம்மாதான். கணவர் போய் மூணு வாரம்."

"இல்ல, இது நீ பேசுறது. புருஷன் போன மூணாவது வாரம் எவளாச்சும் 'இழப்பை ஏற்றுக்கொள்ள முயல்கிறேன்'னு சொல்வாளா? நான் ரெண்டு புருஷன அனுப்பி வெச்சவ. எனக்குத் தெரியாதா?"

"கொஞ்சம் திருத்தினேன். ரொம்ப உளறினாங்க."

"அந்த உளறலுக்குத்தான் உனக்குச் சம்பளம். இஸ்திரி போட்டு அனுப்பாத. வியாழனுக்குள்ள இன்னொண்ணு வேணும், கசங்கினபடியே. இல்லன்னா இந்தப் பருவம் உன் திட்டத்தப் பல்கலைக்கழகக் குழுவுக்கு அனுப்ப மாட்டேன்."

செவ்வாய் காலை ஐலி கிவேலாவை அழைத்தேன். எண்பத்தொரு வயது. ஏரிக்கரையில் வடக்கே நாற்பது மைலில் வீடு. கணவர் டொய்வோ இரும்புத்தாதுக் கப்பலில் வேலை பார்த்தவர். ஒலிப்பதிவுக்குச் சம்மதமா என்று கேட்டேன். "நான் என்ன பாட்டா பாடப் போறேன், பதிஞ்சுக்கோ" என்றார். முதல் மூன்று கேள்விகளுக்கும் ஒரே சொல்லில் பதில். நான்காவதைக் கேட்டேன். அந்தப் பக்கம் கரண்டி கோப்பையில் இடித்தது.

"நல்ல பதில் வேணுமா, நெஜப் பதில் வேணுமா?"

"நெஜம்."

"பாதிரியாருக்கு நல்லது குடுத்துட்டேன். 'ஐலி, நீ எனக்கு வெளிச்சம்'னாருன்னு சொல்லி வெச்சேன். டொய்வோவாவது, வெளிச்சமாவது! கப்பல் விளக்கப் பத்தி வேணா நாலு மணி நேரம் பேசுவாரு." சிரித்தார். "சவுனா, அதான் எங்க நீராவிக் குளியலறை, அதோட கதவ நான் தொறந்து போட்டுட்டேன். கட்டில்ல கெடந்தவருக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ. 'கதவச் சாத்து, சூடெல்லாம் போவுது'ன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'எந்திரிச்சு வந்து நீயே சாத்து.' எந்திரிக்க முடியாதவர்கிட்ட. அதுக்கப்புறம் ரெண்டு நாள் பேச்சில்ல, போயிட்டாரு."

அவர் பேசிக்கொண்டே போனார். ஐம்பது நிமிடம். அந்தக் கதவின் கீல், அவர்கள் போட்ட சண்டைகள், பனியில் கப்பல் நின்றுபோன ஒரு நவம்பர். ஒன்பது கேள்விக்கும் நான் மேற்கொண்டு கேட்காமலே முழுப் பதில் வந்தது. தூங்குவதில்லை. ரொட்டியும் காபியும்தான் சாப்பாடு. சவுனாவை மூட்டவே இல்லை, கதவைச் சாத்தச் சொல்ல ஆளில்லை.

"நீ ஒண்ணுமே பேச மாட்டேங்கிறியே தம்பி. உனக்கு யாரும் போகலையா?"

"என் மனைவி. போன வருஷம்."

"அய்யோ. சின்ன வயசா?"

"முப்பத்தொண்ணு."

"என்ன சொன்னா கடைசியா?"

"'இதை முடி'ன்னா. நான் படிக்கிற படிப்ப."

கரண்டி நின்றது.

"ஓ," என்றார் ஐலி. "அது நல்ல பதில்."

அதன் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

மதிய உணவு நேரத்தில் காரில் உட்கார்ந்து ஒலிப்பதிவைக் கேட்டபடி எழுதினேன். இஸ்திரி போடவில்லை. என் வரி வந்தது. முதல் கட்டத்தில், என் பெயருக்கு நேராக, சொன்னபடியே எழுதினேன். இரண்டாவது கட்டத்தில்: பொய் சொன்னேன். மூன்றாவதில் எழுத ஒன்றும் தோன்றவில்லை. நாற்பத்தொரு பேரும் ஏன் நான்காவதில் வைத்துவிட்டார்கள் என்று இப்போது எனக்குத் தெரிந்தது. நல்ல பதிலைச் சொன்னவருக்கு அதன் பிறகு சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. கேட்டவருக்கும் கேட்க எதுவும் இருப்பதில்லை. தாளோடு ஒரு குறிப்பையும் வைத்து லொரேனுக்கு அனுப்பினேன். திரும்பச் சேர நான் எழுதிய கடிதத்திலும் இதே வரி இருக்கிறது, அதுவும் இதே பொய்தான் என்று.

மறுநாள் அழைத்தார்.

"இந்தக் கடித விஷயத்தக் குழுகிட்ட நான் சொல்லியாகணும், ஏரிக். மறைக்க முடியாது."

"தெரியும்."

"வெளிய போன்னு சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம். திங்கக்கிழமை தெரியும்." கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். நீ அனுப்புனதுல இதுதான் மொத உருப்படி. மூணாவது கட்டம் காலியா இருக்கு. அத எங்கிட்ட நிரப்ப வேணாம். வேற யார்கிட்ட நிரப்பணுமோ அங்க போ."

வெள்ளி பத்து மணிக்கு சோல்வெய் வீட்டுக்குப் போனேன். எலுமிச்சை கேக்கைத் துண்டு போட்டு வைத்திருந்தார். காபி. மேசையில் கல்வெட்டுபவரின் தாள், எழுத்துக்கு ஒரு கட்டமாகக் கோடு போட்டது. மாரிட்டின் பெயரும் பிறந்த, இறந்த வருடங்களும் பென்சிலில் நிரம்பியிருந்தன. கீழ் வரி காலி.

"ஒரு எழுத்து தப்பாப் போனாலும் கல்லே போச்சாம். நீ ஒருதரம் சொல்லு, அப்படியே எழுதிக்கிறேன்."

"அத எழுத வேணாம் சோல்வெய்."

"ஏன், எடம் பத்தாதா?"

"அவ அதச் சொல்லல."

அவர் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. தாளிலிருந்த கேக் துகளை மட்டும் சுண்டுவிரலால் தள்ளினார்.

"ஒருநாள் சொன்னா," என்றேன். "அதுக்கு முந்தின அக்டோபர்ல. பாத்திரம் கழுவிக்கிட்டே. 'முடிச்சுத் தொலை, எனக்கு என் சனிக்கிழமை வேணும்'னு. அதத்தான் நான் கழுவி எடுத்துக் கடுதாசியில போட்டேன்."

சோல்வெய் மூக்கால் சிரித்தார். "இது எம்பொண்ணு. நீ எழுதுனத மடல்ல படிச்சப்பவே நெனச்சேன், இவ எப்ப சர்ச்ல பேசுற மாதிரி பேசக் கத்துக்கிட்டான்னு."

"நெனச்சீங்களா? பின்ன எதுக்குக் கல்லுல போடணும்னீங்க?"

"எங்கிட்ட வேற என்ன இருக்கு?" பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கிட்ட அவ கடைசியாச் சொன்னது போன்ல. 'அம்மா, அடுப்புல பால், அப்புறம் கூப்புடுறேன்.' அத வெட்டச் சொல்றியா?"

காபி ஆறிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ கார் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டினார்கள்.

"கோவமா?" என்றேன்.

"அது அப்புறம். அதுக்கு நேரம் ஒதுக்கி வெச்சிருக்கேன்." என்னைப் பார்த்தார். மாரிட்டுக்கும் அதே பார்வைதான். புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடுகிற பார்வை. "பின்ன என்னதான் சொன்னா? அழகா வேணாம். சொன்னபடி சொல்லு."

ஒரு வருடம் ஒரு மாதமாக நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் கடைசியாகச் சொன்னது அவ்வளவுதான் என்றாகிவிடும். சொல்ல ஆரம்பித்தேன். அன்றும் மைனஸ் இருபது. படிகளைச் சுத்தம் செய்துவிட்டுக் காரில் ஏறினேன். மனம் வகுப்புக்கு அனுப்ப வேண்டிய ஒரு கட்டுரையில் இருந்தது. பின்னால் எடுத்தேன். சமையலறை ஜன்னலின் கண்ணாடி மேலே உயர்ந்தது. அந்தக் குளிரில் யாரும் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். பாதி உடல் வெளியே, என் பழைய ஸ்வெட்டர், வாயில் பல்துலக்கி, உதட்டில் நுரை. காரின் முகப்பிலிருந்து ஆரஞ்சு நிறமாக ஒன்று பனியில் இழுபட்டு விறைத்துக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். பல்துலக்கியை எடுத்து அதனாலேயே காரைச் சுட்டிக்காட்டினாள். சிரிப்பில் பாதிச் சொல் நுரையோடு தெறித்தது.

சோல்வெய் பென்சில் முனையைக் கீழ் வரியின் முதல் கட்டத்தில் வைத்திருந்தார்.

"டேய், ஒயரு! ஒயரு! வாலோட எங்கடா கெளம்பிட்ட?"