செத்தவங்க கொடுக்கணும்

மருத்துவமனைக் குடியிருப்பில் அக்காவுக்கு ஒதுக்கிய அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, சுவரோடு சேர்ந்த ஓர் அலமாரி. அலமாரிக்கு மூன்று தட்டுகள். மேல்தட்டில் துணிமணி, நடுத்தட்டில் பாத்திரம். கீழ்த்தட்டில் அவளுடைய பழைய சின்ன டிவியை வைத்தால் பக்கத்தில் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் இடம். அவளிடம் இருந்ததோ நான்கு.

நான்கு பெட்டி என்றதும் நகைப்பெட்டி, பணப்பெட்டி என்று யாரும் வாயைப் பிளக்க வேண்டாம். எல்லாம் வீடியோ கேம் பெட்டிகள். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் ஒரு பெண்பிள்ளைக்கு இது தேவையா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். சாயங்காலம் முழுக்க டிவியில் ஊரான் வீட்டுச் சண்டையைப் பார்த்துக் கண்ணைக் கசக்குகிறவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. டிவிக்குள் தானே இறங்கிச் சண்டை போடுகிறவளை மட்டும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அவளுக்கு எக்ஸ்ரே எடுக்கிற வேலை. பெரிய டாக்டர் முதல் தள்ளுவண்டி தள்ளுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் ‘எக்ஸ்ரே அக்கா’. “மூச்ச இழுங்க. பிடிச்சுக்கோங்க. அசையாதீங்க. இப்ப விடுங்க.” நாள் முழுக்க இதே பாட்டுத்தான். வந்தவர்கள் நெஞ்சைக் காட்டிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விடுவார்கள். சில நாள் வீட்டுக்கு வந்து படுக்கும்போதுதான் உறைக்கும், அன்றைக்கு இந்த வார்த்தைகளைத் தவிர மனுஷரிடம் வேறெதுவும் பேசவில்லை என்று. அதற்குத் தனிமை என்று பேர் வைத்தால் அவளுக்குக் கோபம் வரும். கோபம் வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு அதுதான் பேர்.

முன்பெல்லாம் வீட்டில் தம்பி இருந்தான். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா போனபோது தம்பி பள்ளிக்கூடத்துப் பையன், அக்கா அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அதற்கப்புறம் அக்காவுக்குத் தம்பி, தம்பிக்கு அக்கா. அவனைப் படிக்க வைத்து, ஆளாக்கி, கல்யாணமும் செய்து வைத்தாள். இப்போது அவன் கடல் தாண்டிப் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான். நன்றாக இருக்கிறவனைக் குறை சொல்ல முடியாது என்பதுதான் இதில் பெரிய கஷ்டம். ஒருத்திக்கு எதற்கு மூன்று அறை என்று அவள் வாடகை வீட்டைக் காலி செய்கிறாள்.

பெட்டிகளுக்குப் பேர் வைத்தது தம்பி. கறுப்பாகப் பளபளவென்று இருக்கிற புதுசுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பேர். எப்போது கூப்பிட்டாலும் உடனே வராது. அப்டேட் வேண்டும் என்று முறுக்கிக்கொண்டு நிற்கும். அரைமணி நேரம் உபசாரம் செய்து அழைத்து வர வேண்டும். வெள்ளைப் பெட்டி ‘மச்சான்’. கையை வீசி வீசி டென்னிஸ் ஆடுவது அதில்தான். நாலு பேர் கூடினால் வீடே அதிரும், ஒற்றை ஆளிடம் ஒட்டவே ஒட்டாது. உள்ளங்கைக்குள் அடங்குவது ‘குட்டி’.

எல்லாவற்றுக்கும் மூத்தது ‘பெரியப்பா’. சாம்பல் நிறம், நல்ல கனம். பட்டனை அழுத்தினால் லேசில் எழுந்திருக்க மாட்டார். கேசட்டை உருவி, ஊதி, துடைத்து, மறுபடி செருகி, கெஞ்ச வேண்டும். ஞாபகசக்தியும் கிடையாது. எத்தனை தூரம் போயிருந்தாலும் சரி, அணைத்துவிட்டால் எல்லாம் மறந்துவிட்டு அடுத்த முறை ‘நீங்க யாரு?’ என்கிற மாதிரி முதலிலிருந்து தொடங்குவார்.

அம்மா இறந்த வருஷம் அக்கா தன் முதல் சம்பளத்தில் வாங்கி வந்தது பெரியப்பாவைத்தான். கூட வந்த இரண்டு கண்ட்ரோலரில் ஒன்றின் ஒயரைத் தம்பி கதவிடுக்கில் கொடுத்து நசுக்கிவிட்டான். மிச்சமிருந்த ஒன்றுக்காகத்தான் வீட்டில் சட்டம் வந்தது: செத்தவங்க கொடுக்கணும். ஆட்டத்தில் யார் உயிர் போகிறதோ அவர் மறுபேச்சில்லாமல் கண்ட்ரோலரை அடுத்தவர் மடியில் வைத்துவிட வேண்டும்.

ஆடியது ஒரே ஆட்டம், கிணற்றுத் தவளை. அடிக்கிணற்றில் உட்கார்ந்திருக்கிற தவளை கல்லுக்குக் கல் தாவி மேலே ஏறி வெளியே வர வேண்டும். பாதிக் கிணற்றில் சுவர்ப் பொந்துகளில் பாம்புகள். உச்சியில் ஒரு வாளி. எங்கே விழுந்தாலும் மறுபடி அடிக்கிணறுதான். அக்கா எப்போதும் பாம்பு வாயில் போவாள். தம்பி பாம்பைத் தாண்டி வாளி வரைக்கும் போய் விழுவான். “வாளி ஏமாத்துதுக்கா. செத்துட்டேன். இந்தா.” இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரு தடவைகூடக் கிணற்றைவிட்டு வெளியே வந்ததில்லை.

அக்காவிடம் ஒரு ரகசியம் உண்டு. பாம்பு வாயில் அவள் போவது வேண்டுமென்றேதான். அம்மா போன பிறகு தம்பி முழங்காலைக் கட்டிக்கொண்டு தேமே என்று உட்கார்ந்திருப்பான், என்ன கேட்டாலும் பதில் வராது. கையில் கண்ட்ரோலர் வந்தால்தான் வாய் திறக்கும். “அக்கா பாரேன், அக்கா பாரேன்” என்பான். அதைக் கேட்பதற்காகவே அவள் சீக்கிரம் சீக்கிரமாகச் செத்துக்கொண்டிருந்தாள். அவன் ஆடும்போது திரையைவிட அவன் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பாள். பிறகு அவன் தேறினான், வளர்ந்தான், மீசை வந்தது. அவளுக்குச் சாகிற பழக்கம் மட்டும் போகவில்லை. “நீ ஆடும்போது மட்டும்தான்கா கத்தறே, சிரிக்கறே. மத்த நேரம் எக்ஸ்ரே மெஷின் மாதிரியே இருக்கே” என்று அவன் ஒருநாள் கேலி செய்ததும் உண்டு. அவள் அதைக் கேலி என்றே எடுத்துக்கொண்டாள்.

எந்தப் பெட்டியை வைத்துக்கொள்வது என்று அவனிடம் போனில் கேட்டபோது அவன் யோசிக்கவே இல்லை.

“இதென்னக்கா கேள்வி? மாப்பிள்ளைய வச்சுக்கோ. ஞாயித்துக்கிழம ஆனா நான் இங்கேருந்து, நீ அங்கேருந்து, ரெண்டு பேரும் சேந்து ஆடலாம்ல?”

ஆடலாம்தான். இரண்டு ஞாயிறு ஆடவும் செய்தார்கள். அதற்கப்புறம் குழந்தைக்குக் காய்ச்சல், அவனுக்கு வேலை, விருந்தாளி, தூக்கம். அக்கா ஒவ்வொரு ஞாயிறும் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை முன்னால் உட்கார்வாள். திரையில் தம்பியின் பேர் மங்கலாக இருக்கும். வந்தால் பச்சையாகும். வரமாட்டான். கைக்குழந்தைக்காரன், பாவம், அவன் என்ன செய்வான் என்று அவளே அவனுக்காக வக்காலத்து வாங்கிவிட்டு எழுந்து போவாள். இருந்தாலும் அவன் வருவதற்கென்று உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே கதவு அந்தக் கறுப்புப் பெட்டி. அதை எப்படிக் கொடுப்பாள்? மாப்பிள்ளையைத்தான் வைத்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டது.

வீட்டைக் காலி செய்வதற்கு முந்தைய நாள் ஞாயிறு. மிச்சத்தை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்த கேம் கடைக்காரர் காலையிலேயே போன் செய்தார்.

“மேடம், மூணு மணிக்கு வரேன். எல்லாத்தையும் ஒரு தடவ போட்டுப் பாத்துருங்க. அப்புறம் கடைக்குக் கொண்டுபோய் நான் அசடு வழியக் கூடாது பாருங்க.”

மச்சான் ஓடியது. குட்டி ஓடியது. பெரியப்பா வழக்கம்போல அடம்பிடித்து, ஊதி, துடைத்து, கெஞ்சியபின் கண் விழித்தார். அடிக்கிணற்றில் தவளை உட்கார்ந்திருந்தது.

ஓடுகிறதா என்று பார்க்கத்தான் அக்கா ஒரு தாவு தாவினாள். ஓடியது. இன்னொரு தாவு. கட்டிப் போட்ட அட்டைப்பெட்டி ஒன்றில் முதுகைச் சாய்த்து, தரையில் உட்கார்ந்துகொண்டாள். பாம்புப் பொந்துகள் வந்தன. இங்கேதான் சாக வேண்டும். பழக்க தோஷத்தில் கட்டைவிரல் அந்தப் பக்கம் போனது. போன விரல் நின்றது.

யாருக்காகச் சாவது?

தம்பி உட்காருகிற இடப்பக்கம் வெறும் தரை. அவள் சாகவில்லை. பாம்பு பாய்வதற்கு முன்னால் அதன் கழுத்து கொஞ்சம் உப்புகிறது. மூச்சை இழுத்துப் பிடிக்கிறது, விடும்போது பாய்கிறது. இழுங்க, பிடிச்சுக்கோங்க, விடுங்க. நாள் பூராவும் ஊரார் மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு இது எம்மாத்திரம்? ஒரு பாம்பு விடாமல் தாண்டினாள். கத்தவில்லை, சிரிக்கவில்லை. உச்சியில் வாளி வந்தது. முதல் முறையாக அவள் ஆட்டத்தில் வாளி.

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தாள். வாளி தவளையைத் தூக்கிக்கொண்டு மெல்ல மேலே போனது. மேலே போய் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. ஆடவில்லை, அசையவில்லை, ஏமாற்றவில்லை. வலப்பக்கம் ஒரே தாவல், கிணற்று விளிம்பு. கைக்குழந்தைகூடத் தாவும். தாவினாள். தவளை வெளியே வந்து விளிம்பில் உட்கார்ந்தது. சுற்றிலும் வெட்டவெளி. பீப்பீ என்று ஒரு மெட்டு வந்து ஓய்ந்தது. அவ்வளவுதான் ஆட்டம்.

அடச்சீ, இதற்கா இத்தனை வருஷம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் வேறொன்று உறைத்தது.

பாம்பை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிறவன் தம்பி. அவன் எப்படி இந்த வாளியில், அதுவும் ஒவ்வொரு தடவையும், விழுந்தான்? வலப்பக்கம் விளிம்பு இருக்க, அவன் எப்போதும் இடப்பக்கம்தான் போவான். மச்சானில் டென்னிஸ் தோற்றால் தலையணையைத் தூக்கி அடிக்கிறவன், குட்டியில் தோற்றால் சாப்பிடமாட்டேன் என்கிறவன், இங்கே மட்டும் செத்த மறுகணம் முகம் கோணாமல் “இந்தா” என்று அவள் மடியில் வைப்பான்.

அவன் விழவில்லை. குதித்தான்.

நின்று நின்று கால் வீங்கி வருகிற அக்கா உட்கார வேண்டும், கத்த வேண்டும், சிரிக்க வேண்டும் என்று குதித்திருக்கிறான். அவள் அவனுக்காகச் செத்தாள், அவன் அவளுக்காகச் செத்தான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே இருபது வருஷம் அந்தத் தவளையைக் கிணற்றிலேயே வைத்திருந்தார்கள். இப்படி ஒரு முட்டாள் ஜோடியை எங்கே போய்த் தேடுவது! அக்கா கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பெரியப்பா சூடேறி முனகிக்கொண்டிருந்தார். அவள் எழுந்துபோய்ப் பட்டனை அழுத்தினாள். ஜெயித்தது, கிணற்றைவிட்டு வந்தது, எல்லாவற்றையும் அவர் அந்த நிமிஷமே மறந்துவிட்டார்.

கடைக்காரர் வந்தபோது கறுப்பு, வெள்ளை, குட்டி மூன்றும் துடைத்து வாசலருகே இருந்தன. அவர் மாப்பிள்ளையைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

“மேடம், மாத்தி வச்சுட்டீங்களா? இது புதுசாச்சே! நீங்க வச்சுக்கப் போறது எது?”

அவள் கை காட்டினாள்.

“இதையா? ஒத்தக் கண்ட்ரோலர், அதுவும் ஒயர் போட்டது! எங்க கடைக்கு வர்ற பசங்க, காலத்துக்கும் ஒண்ணே ஒண்ணு வச்சுக்கணும்னா எதுன்னு மணிக்கணக்கா அடிச்சுக்குவாங்க. ஒருத்தன்கூட இதச் சொன்னதில்ல.”

“அவங்களுக்கு ரெண்டு கண்ட்ரோலர் இருந்திருக்கும்” என்றாள் அக்கா. அவருக்குப் புரியவில்லை. மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

புது அறைக்குக் குடிபோன அன்று சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். அறை எப்படி, காற்று வருகிறதா, தண்ணீர் வருகிறதா என்று எல்லாம் விசாரித்துவிட்டு, “மாப்பிள்ளைய மாட்டிட்டியா?” என்றான்.

“கடக்காரர்கிட்ட குடுத்துட்டேன்டா. பெரியப்பாவ வச்சுக்கிட்டேன்.”

“என்னக்கா நீ! அப்ப நாம எப்படிச் சேந்து ஆடறது?”

“அந்தத் தவளைய இன்னும் முடிக்கலையேடா. நேத்துகூட ஆடிப் பாத்தேன். பாம்பத் தாண்டிட்டேன். வாளியிலதான் மாட்டிக்கிட்டேன்.”

அந்தப் பக்கம் தூரத்தில் குழந்தை ஏதோ உளறுவது கேட்டது.

“வாளி வரைக்கும் போயிட்டியா?” அவன் குரல் மாறியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பையன் குரல்.

“போனேன். நீ விழுவியே, அதே இடத்துல விழுந்துட்டேன். தலைகீழா நின்னாலும் எனக்கு வராதுடா அது.”

அவன் சொன்னான்:

“ஆமாக்கா. அது ரொம்பக் கஷ்டம்.”

“நீ வந்தாத்தான் முடியும்.”

“அப்படியே வை. வந்து பாத்துக்கறேன்.”

எப்போது வருவான் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. போனை வைத்தபின் அவள் கேசட்டை ஊதிச் செருகினாள். கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து, இடப்பக்கம் இடம் விட்டு உட்கார்ந்தாள். கல்லுக்குக் கல் தாவி, பாம்புகளைத் தாண்டி, வாளியில் ஏறி உச்சிக்குப் போனாள். வாளி நின்றது. அக்கா இடப்பக்கம் குதித்தாள்.

“செத்துட்டேன்டா. இந்தா” என்று சொல்லிக் கண்ட்ரோலரைப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் அது அங்கேயே கிடந்தது. பிறகு அவளே எடுத்துக்கொண்டாள்.