காருக்குப் பிணை நின்றவர்

ஒரு கலியாணத்தைக் குழப்ப எதிரியும் வேண்டாம், எரிச்சல்காரரும் வேண்டாம். ஒரு கார் றைவர் வராமல் விட்டாலே காணும். எண்பத்து நாலாம் ஆண்டு தை மாதம், தியாகலிங்கத்தின் கலியாணத்தன்று காலையில் அதுதான் நடந்தது. மாப்பிள்ளை தலைப்பாகையும் கட்டி கரம்பொனில் தயாராக இருக்கிறான். பெண் சறோஜினிதேவி இறுப்பிட்டியில் மணவறைக்கு வரக் காத்திருக்கிறாள். இரண்டும் இரண்டு தீவு; இடையில் கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதி றோட்டு. சொல்லிவைத்த கார் வரவில்லை.

எல்லாரையும்விடக் கூடப் பொறுப்பு மாப்பிள்ளையின் அக்கா மீனலோசனிக்கு. இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவள் அவள். கரம்பொன் அவளுடைய அப்பாவின் ஊர்தான். ஆனால் அவர் மலாயா ரெயில்வேக்குக் கிளார்க்காகப் போய் அங்கேயே தங்கிவிட்டதால், கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்த மீனலோசனிக்கு அது விசா எடுத்து வருகிற வெளிநாடு. கலியாணம் ஏற்கெனவே இரண்டு தரம் தள்ளிப்போனது. முதல் தரம் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த தரம் போன வருட ஆடிக் கலவரம். "மலேசியாக்காரர் வந்தால்தான் வந்தது" என்று பெண்ணின் பெரியப்பா அப்புத்துரை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பெண்ணின் தகப்பன் ஐயாத்துரை நல்ல மனிதர். அவரே கடைசியில் சொல்லிவிட்டார்: "பிள்ளை, இந்த முகூர்த்தமும் தப்பினால் நாங்கள் வேறை இடம்தான் பாக்கவேணும். குறை நினைக்கவேண்டாம்."

"மாப்பிள்ளையைப் பத்தரைக்கு முந்தி உங்கடை வாசல்லை கொண்டுவந்து இறக்கிறது என்ரை பொறுப்பு" என்று மீனலோசனி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். நெஞ்சை நிமிர்த்துவது சுலபம். இனச்சனம் முழுவதையும் முதல் நாளே வான் வண்டியில் ஏற்றி இறுப்பிட்டிக்கு அனுப்பியாயிற்று. கூறைச்சேலையும் தாலியும் மாப்பிள்ளையும் பின்னால் காரில் மரியாதையாகப் போவதாக ஏற்பாடு. இப்போது வீட்டில் மிச்சம் அவளும் தம்பியும் அவளுடைய கணவர் இராசநாயகமும்தான்.

"கார்க்காரி வீட்டை போய்ப் பாக்கிறன்" என்று மீனலோசனி செருப்பைக் கொளுவினாள். தியாகலிங்கம் கழற்றிப்போட்ட காற்சட்டையின் பையைத் துழாவித் தன்னுடைய கிறெடிற் கார்ட்டை எடுத்து நீட்டினான். "அக்கா, இதைக் காட்டுங்கோ. கோலாலம்பூரிலை இதைக் காட்டினால் பேசாமல் சாவியைக் கையிலை தருவாங்கள்."

கார்க்காரி என்றால் அல்போன்சம்மா. இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. புருஷன் செத்தபிறகு அவர் விட்டுப்போன பழைய ஒஸ்ரின் காரை வாடகைக்கு விட்டுத்தான் அவள் குடும்பத்தை ஓட்டினாள். மகன் சில்வெஸ்ரர்தான் றைவர். மீனலோசனி கணவனையும் இழுத்துக்கொண்டு போனபோது, கார் துடைத்து மினுக்கி முற்றத்தில் நின்றது. பக்கத்தில் கண் வீங்கிய அல்போன்சம்மா நின்றாள்.

"சில்வெஸ்ரர் விடியக் கருக்கலிலை போயிட்டான், பிள்ளை. கொழும்பிலை ஆள் அனுப்பிற ஏஜென்ற் கூப்பிட்டவனாம். ஜேர்மனிக்கு. காரைக் கழுவித் துடைச்சு வைச்சிட்டுத்தான் எனக்கே சொன்னவன்."

"வேறை றைவர்மார்?"

"ஆர் மிச்சம்? கார் ஓடத் தெரிஞ்சவன் எல்லாம் வெளிநாடு போயிட்டான். மிஞ்சிப்போய் நிக்கிறவனுக்கும் இண்டைக்கு வேறை கலியாணம்."

"கார் நிக்குதுதானே, அக்கா. நானே அதை ஓடுறன்."

அல்போன்சம்மா அவளைத் தலைப் பூவிலிருந்து கால் மெட்டிவரை ஒருதரம் பார்த்தாள். ஊர்காவற்றுறைப் பக்கத்தில் சேலை கட்டிய பெண் கார் ஓடி அவள் கண்டதில்லை. "நீர் ஓடுவீர். கார் திரும்பி வருமெண்டு நான் எதை நம்பிறது?"

மீனலோசனி கார்ட்டை நீட்டினாள். அல்போன்சம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உதென்ன, பஸ் சீசன் ரிக்கற்றோ?"

"இல்லை, அக்கா. கார் வராட்டி வங்கி காசு தரும்."

"காசு தந்தாப்போலை இந்தக் கார் வந்திடுமோ?"

மீனலோசனி கைக்காப்பைக் கழற்றினாள். "நான் நகை பிடிக்கிற அடைவுகடை வைச்சிருக்கேல்லை, பிள்ளை" என்றாள் அல்போன்சம்மா. பாஸ்போர்ட்டை எடுத்துவந்து தருகிறேன் என்றதும் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "அந்தப் பேரையே எடாதையும். அதை வைச்சுக்கொண்டுதான் இண்டைக்கு ஒருத்தன் போனவன். ஊரிலை தெரிஞ்ச ஆள் ஆராவது பிணை நிண்டால் சொல்லும்."

தெரிந்த ஆளெல்லாம் இறுப்பிட்டியில் பந்தலுக்குள் இருக்கிறார்கள். மீனலோசனிக்கு அழுகை வந்தது. அழுதால் மை கரையும் என்று அடக்கிக்கொண்டு திரும்பியபோது, கிணற்றடிச் சட்டிக்குள் நெளிந்த நண்டுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிற இராசநாயகம் கண்ணில் பட்டார். பாடசாலை அதிபர், ஸ்கூட்டருக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாதவர். கலியாண வீட்டுக்காக ஒரு கிழமையாக மரக்கறி தின்று நொந்துபோயிருந்தார்.

"இவரை விட்டிட்டுப் போறன், அக்கா."

"இவர் ஆர்?"

"என்ரை மனுசன். நான் காரைக் கொண்டுவந்து தந்திட்டு இவரைக் கூட்டிக்கொண்டு போறன்."

அல்போன்சம்மா இராசநாயகத்தையும், காரைப் பார்த்ததுபோலவே, சுற்றிப் பார்த்தாள். "பிள்ளை, சும்மா கேக்கிறன். திரும்பி வருவீர்தானே? சிலபேர் இதுதான் சாட்டெண்டு விட்டிட்டுப் போயிடுவினம்."

"எனக்கு இவர் வேணும், அக்கா" என்றாள் மீனலோசனி. பதினாறு வருடத்துக் குடும்பத்தில் இராசநாயகம் இப்படியொரு வார்த்தையை மனைவி வாயிலிருந்து கேட்டதில்லை. 'நான் மாப்பிள்ளையின்ரை அத்தான், நான் இல்லாமல் எப்படி' என்று தொடங்கப்போனவர் அதை விழுங்கிவிட்டார். அல்போன்சம்மா உள்ளே போய், அவர் இருக்க ஒரு கதிரையும் காரின் சாவியும் கொண்டுவந்தாள். "இரும், தம்பி. சோறும் நண்டுக்கறியும் இருக்கு."

கார் உடனே பணியவில்லை. மீனலோசனி கோலாலம்பூரில் நாளும் பொழுதும் கார் ஓடுகிறவள்தான். ஆனால் அங்கே கியர்த் தடி காலடியில் இருந்தது. இங்கே ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கார் இரண்டு தரம் உதறி நின்றது. மூன்றாந்தரம் பாய்ந்தபோது அல்போன்சம்மா சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். கண்ணைத் திறந்தபோது கார் ஒழுங்கையின் கடைசி வளைவைத் தாண்டிவிட்டது.

தம்பியைப் பின் சீற்றில் இருத்தி, கூறைத்தட்டை அவன் மடியில் வைத்து, மீனலோசனி சரவணை றோட்டைப் பிடித்தாள். வழியில் சைக்கிள்காரர் இறங்கி நின்று பார்த்தார்கள். வேலணைச் சந்தியில் ஒரு கடைக்காரர் வெளியே ஓடிவந்து, மாப்பிள்ளையை விட்டுவிட்டு றைவரையே பார்த்தார். பார்க்கட்டும் என்று அவள் ஹோர்னை அடித்தாள். பயம் போய் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்திருந்தது.

அந்தச் சந்தோஷம் புங்குடுதீவுத் தாம்போதியில் பாதி தூரம்வரைதான். இரண்டு பக்கமும் கடல். நடுவில் ஒரு வாகனம் போகிற றோட்டு. எதிரே சனம் தொங்கத் தொங்க பஸ் வந்து மூக்கோடு மூக்காய் நின்றது. பஸ்காரர் தலையை நீட்டினார்.

"தங்கச்சி, றைவரைக் கூப்பிடும்."

"நான்தான், அண்ணை, றைவர்."

பஸ்ஸுக்குள் ஒரே சிரிப்பு. "அப்ப சிக்கல்தான். விலத்திப்போற அகண்ட இடம் உமக்குப் பின்னாலைதான் இருக்கு. இவ்வளவு சனத்தோடை நான் பின்னுக்கு எடுக்க ஏலாது."

"அக்கா, நான் முன்னுக்கு வந்து காரை ஓடட்டே?" என்றான் தியாகலிங்கம்.

"பேசாமல் இரு. மாப்பிள்ளை தானே கார் ஓடிக்கொண்டு வந்தவனெண்டு பிள்ளைபெறும் காலம்வரைக்கும் சொல்லுவினம்."

பின்கண்ணாடி வழியாகத் தாம்போதி ஒரு கயிறளவுதான் தெரிந்தது. அவள் கழுத்தைத் திருப்பி, ஒரு கையைச் சீற்றின்மேல் போட்டு, நண்டு நடப்பதைப்போலப் பின்னுக்கு எடுக்கத் தொடங்கினாள். ஒரு சக்கரம் விளிம்புக் கல்லைத் தட்டியது. தம்பி "முருகா" என்றான். அவள் காரை நிறுத்தவில்லை. பஸ் ஒரு முழம் விடாமல் முன்னே நெருக்கிக்கொண்டே வந்தது. சிரித்த சனம் ஒவ்வொருவராய் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பின்சக்கரம் அகன்ற இடத்தில் ஏறியது. கார் ஒதுங்கி நின்றது. பஸ் பக்கத்தால் போகும்போது பஸ்காரர் நிறுத்தினார்.

"எங்கடை டிப்போவிலை இப்பிடி எடுக்கத் தெரிஞ்சது ரெண்டுபேருக்குத்தான், தங்கச்சி. அதிலை ஒருத்தன் நான்" என்றார். பஸ் முழுவதும் மாப்பிள்ளைக்குக் கை காட்டியது.

பத்தேகாலுக்கு இறுப்பிட்டிப் பந்தல் வாசலில் மேளம் முழங்கியது. ஐயாத்துரை ஓடிவந்து கதவைத் திறந்தார். அவர் முகத்தில் ஓடிய ஆறுதலை மீனலோசனி சாகும்வரை மறக்கமாட்டாள். பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் கால் கழுவி மோதிரம் வாங்கினான். அப்புத்துரைப் பெரியப்பா மட்டும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாப்பிள்ளையைக் கொண்டுவந்த றைவருக்கு முதல் இலை போடுவது அவர்கள் வீட்டு வழக்கம்.

"றைவர் எங்கை?"

"மாப்பிள்ளையின்ரை தோழி எங்கை, கூறைத்தட்டைக் கொண்டரச் சொல்லுங்கோ" என்று உள்ளேயிருந்து ஐயர் கேட்டார். மணவறையில் மாப்பிள்ளைக்குத் தோழியாய் நிற்பது அவனுடைய சகோதரிதான்.

மீனலோசனி தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னே வந்தாள். பட்டுச்சேலை மடிப்பில் காரின் மசகு. "ரெண்டும் நான்தான், பெரியப்பா."

அப்புத்துரை காரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பந்தல் முழுவதும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "வருவினமோ வருவினமோ எண்டு கேட்டவன் நான். வந்திட்டினம். வந்த விதத்தைப் பாருங்கோ."

தாலி ஏறியபோது, சறோஜினிதேவி குனிந்த தலையை ஒரு கணம் நிமிர்த்தி மைத்துனியைப் பார்த்தாள். அதுவரை அடக்கிய அழுகையை மீனலோசனி அப்போதுதான் விட்டாள். மை கரைந்தால் கரையட்டும்.

மாலையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அதே காரில் கரம்பொனுக்குக் கொண்டுவந்து, வான் வண்டியில் திரும்பிவந்த சனத்திடம் ஆலாத்தி எடுக்க ஒப்படைத்துவிட்டு, அவள் காரை நேரே அல்போன்சம்மா வீட்டுக்கு விட்டாள். பிணை பத்திரமாக இருந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, ஒரு குவியல் நண்டுக்கோதின் நடுவே இருந்தார்.

"மீனா, அதுக்குள்ளை கெதியா வந்திட்டீரே" என்றார் மனவருத்தத்தோடு.

அல்போன்சம்மா காரைச் சுற்றி நடந்தாள். சக்கரத்தைத் தடவினாள், கதவைத் திறந்து மூடினாள். வாடகையை நீட்டிய மீனலோசனியின் கையை ஒதுக்கினாள்.

"தாம்போதியிலை பின்னுக்கு எடுத்தனீராம். எங்கடை காரெண்டு தெரிஞ்சு பஸ்காரன் இஞ்சை வந்து சொல்லிப்போட்டுப் போனவன். கஷ்டமோ?"

"முதல் தரம் கஷ்டம், அக்கா."

"எத்தினை நாள் நிப்பீர்?"

"பத்து நாள்."

"காணும்." அல்போன்சம்மா சேலையைத் தூக்கிச் செருகினாள். அந்தக் கார் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பின் சீற்றில் மட்டுமே இருந்தவள், முன்கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி இருந்தாள். "மாசியிலை நாலு கலியாணத்துக்குக் கார் சொல்லியிருக்கினம். போன மகனை நம்பிக்கொண்டு இருக்க ஏலாது. இப்ப சொல்லும், எந்தக் காலாலை தொடங்கிறது?"