வெறும் கடல்நீர்

உன்னை ஒருவரும் அழைக்கவில்லையே. பிறகு ஏன் திறந்தாய்?

நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தபடி ஹம்சிகா அந்த விந்தணுவைக் கேட்டாள். வாய்விட்டல்ல. ஆய்வுகூடத்தின் இருட்டறையில் அவளைத் தவிர யாருமில்லை. சாயமேறிய தலை நுனியில் பச்சையாய் ஓர் ஊசி நீட்டிக்கொண்டு அது கிடந்தது.

கடல் முள்ளெலியின் முட்டையைச் சுற்றி ஒரு ஜெலி உறை இருக்கும். தன் இனத்து விந்தணு அந்த ஜெலியின் சர்க்கரையைத் தொட்டதும் அதன் தலை நுனி திறந்து, முட்டையைப் பற்றும் ஊசி வெளியே வரும். ஒரு தடவைதான். பக்கத்தில் முட்டை இல்லாவிட்டால் வந்த ஊசி வீண். ஜெலி கரைத்த நீரில் எத்தனை திறக்கின்றன, வெறும் கடல்நீரில் எத்தனை என்பதுதான் இமெல்டாவின் ஆய்வு. எது எந்தக் கிண்ணத்தினுடையது என்று அறியாமல் எண்ணிக் கையெழுத்திடுவது ஹம்சிகாவின் வேலை.

சற்று முன் எண்ணி முடித்து, எந்தக் கிண்ணம் எதுவென்ற பட்டியலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வெறும் கடல்நீரில் நூற்றுக்கு நாற்பத்தொன்று. மூன்று நான்குக்கு மேல் வரக்கூடாது. திரும்ப எண்ணினாள். அதே நாற்பத்தொன்று.

கதவு திறந்தது.

"இன்னும் இதுக்குள்ளயா கிடக்கிற? கண் பூத்துப்போகும் ஹம்சி," என்றாள் இமெல்டா.

"அக்கா, ஜெலிக்குப் பாவிச்ச பிப்பெட்டாலயே இதுக்கும் விட்டனீங்களோ?"

இமெல்டா தாளைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "அண்டைக்கு அம்மா விடாம போன் அடிச்சா. மாத்தினனோ இல்லையோ, ஞாபகமில்ல."

"ஜெலி ஒரு துளி ஒட்டியிருந்தாலே காணும், திறந்திடும். திரும்பச் செய்வம்."

"எதை வச்சு? கடல் கிளம்பிட்டுது. முள்ளெலி எடுத்துத் தாற மட்டக்குளி ஆக்கள் ஒக்டோபர் வரைக்கும் முங்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை தீசிஸ் குடுக்காட்டி ஜேர்மனிப் படிப்பு போச்சு." மேசையில் கிடந்த அழிறப்பரை எடுத்து அவள் பக்கம் வைத்தாள். "பென்சிலாலதானே எழுதியிருக்கிற. அந்தக் கடைசி ஒண்டை அழிச்சா நாலு."

ஹம்சிகா அந்த அழிறப்பரைப் பார்த்தாள்.

"நாளைக்குச் செவ்வாய். அம்மா உனக்கெண்டு றால் வாங்கி வைப்பா. நீ வராட்டி எனக்குத்தான் ஏச்சு, அந்த வெள்ளவத்தைப் பிள்ளை எங்கயெண்டு."

வெள்ளவத்தையில் அவளுடையது மாடி அறை. வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை கடைக்காரரோடு பேசுவதே பேச்சு. மிச்சத்துக்கு ரயில்கள் போகும். செவ்வாய்களில் மட்டும் கொட்டாஞ்சேனை. தேவாலயத்தில் நவநாள் பூசை முடிந்து இமெல்டாவின் வீட்டில் தேத்தண்ணி, மீன்குழம்பு, அவளுக்கென்று ஒரு கதிரை. முதல்நாள் இமெல்டா சொன்னது, "சும்மா வாவன்" மட்டுமே. யாருக்கும் சொல்லியிருக்கக்கூடிய இரண்டு சொல். அன்றிரவே, ஐந்து வருடமாக ஒருவருக்கும் சொல்லாததையெல்லாம் அவள் சொல்லி முடித்திருந்தாள். அந்த வார்த்தை உண்மையில் அவளுக்கானதுதானா என்று இதுவரை அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்கப் பயமாயிருந்தது.

இப்போதும் பயமாயிருந்தது.

"என்ன ஹம்சி?"

அவள் அழிறப்பரை மெதுவாக இமெல்டாவின் பக்கம் தள்ளினாள். பேனாவைத் திறந்து, பென்சில் இலக்கங்களின் மேலேயே நாற்பத்தொன்று என்று எழுதினாள்.

"பிப்பெட் மாத்தினது நிச்சயமில்லையெண்டு கீழ எழுதிவிடுறன். நாலெண்டு எழுத ஏலாது அக்கா."