சுவரில் இருந்த குடம்

உத்திரமேரூர் கோயில் மண்டபத்தில்தான் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. மாகறலிலிருந்து இந்திராணியும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து நெசவுக்கார மாப்பிள்ளை உமாபதியும் அவன் அக்கா கமலாட்சியும். ஐந்து மணி பஸ்ஸுக்குள் இந்திராணி பதில் சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அவள் தமிழ் பி.ஏ.; அவன் ஐந்தாவதோடு தறியில் இறங்கியவன். ஆயுசு முழுக்க இவனோடு என்ன பேசுவது?

"தமிழ் பி.ஏ.வாச்சே, இந்தச் சுவத்துல என்ன எழுதியிருக்குதுன்னு சொல்லேம்மா, கேப்போம்," என்றாள் கமலாட்சி. வாயில் வெற்றிலை, கண்ணில் குறும்பு.

இந்திராணி நிமிர்ந்து பார்த்தாள். சோழர் காலத்துக் கல்வெட்டு. ஓலையில் பெயரெழுதிப் போட்டு, குலுக்கி, சபைக்கு ஆள் எடுத்த விவரம் என்று வகுப்பில் கேட்டிருக்கிறாள். எழுத்துதான் ஒன்றும் பிடிபடவில்லை. முகம் சிவந்தது. "தெரியலைங்க."

"உனக்கும் தெரியலையா! அப்ப நீயும் என் தம்பியும் ஒரே கிளாஸ்தான் போ!"

உமாபதி சிரிக்கவில்லை. சுவரருகே போய் நின்றான். ஜரிகைப் பூ எத்தனை இழைக்கு ஒரு தடவை திரும்புகிறது என்று பார்த்துப் பழகிய கண். கல்லைத் தொடாமல் விரலை நீட்டினான்.

"படிக்கத் தெரியாதுங்க. ஆனா இந்த உரு இங்க வருது. தோ, இங்கயும். அந்த வரியிலயும் வந்துக்கினே இருக்குது பாருங்க."

அவள் கிட்டே போனாள். பேராசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்டிய பழைய எழுத்துகள் மெல்ல நினைவுக்கு வந்தன. கு. ட. அவன் விரல் நின்ற மூன்றாவது இடத்தில், கூடவே அந்தக் காலத்து வழக்கப்படி புள்ளி இல்லாத ஒரு ம.

"குடம்," என்றாள்.

'குட' என்றால் வளைவு, வளைந்திருப்பதால் குடம் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான். இப்போது உடம்பு சிலிர்த்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன் யாரோ உளியால் வெட்டிய சொல். இன்று காலை அம்மா கிணற்றடியிலிருந்து கத்திக் கேட்ட சொல். ராஜாக்களெல்லாம் போய்விட்டார்கள். குடம் இன்னும் தண்ணீர் சுமந்துகொண்டிருக்கிறது.

"இதுல பேரைப் போட்டுத்தான் ஆள் எடுத்தாங்க," என்றாள் அவனிடம்.

"குடத்துலயா? நாம தண்ணி மொள்ற குடத்துலயா!" அவன் வாயைத் திறந்தபடி மறுபடி சுவரைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாவுதும்மா," என்று கமலாட்சி எழுந்தாள். "கூறைப்புடவைக்கு என்ன உரு வேணும்னு பொண்ணைக் கேட்டு நெய்யுறது எங்க வழக்கம். உன்னைக் கேக்கலாமா, வேணாமா?"

இந்திராணி உமாபதியைப் பார்த்தாள்.

"குடம் நெய்ய வருமா உங்களுக்கு?"

"சுவத்துல இருக்குற மாதிரியா, இடுப்புல இருக்குற மாதிரியா?"

"ரெண்டும்," என்றாள்.