இரண்டு கட்டத்திலும் அதே பன்னிரண்டு பேர்

நிதியுதவி அலுவலகத்தின் மேலதிகாரி, மகா மோசடியைக் கண்டுபிடித்துவிட்டவர்போல விண்ணப்பத்தைத் தட்டினார்.

“ஏம்மா, உதவி பெறுவோர், உதவி செய்வோர்னு ரெண்டு கட்டத்துலயும் அதே பன்னிரண்டு பேரா? ஒண்ணை அடிச்சாத்தான் பணம் வரும்.”

நிதி வராவிட்டால் சங்கத்தின் பட்டறைக்குக் கூரை கிடையாது. ஆனாலும் சங்கத் தலைவி பேனாவைத் தொடவில்லை.

“சக்கர நாற்காலியில உட்காந்திருக்கறதும் நாங்கதான் சார், அதை ரிப்பேர் பண்றதும் நாங்கதான். இதுல எதை அடிக்கச் சொல்றீங்க?”

அவர் விதிப்புத்தகத்தை மூன்று முறை புரட்டினார். தடை எதுவும் அகப்படாத கடுப்பில் கையெழுத்துப் போட்டார். பிறகு கருணை பொங்க, “பாவம், வாசல்வரைக்கும் தள்ளிவிடுப்பா” என்று பியூனை ஏவினார்.

“வேணாம்ணே,” என்று தலைவி சக்கரத்தைத் திருப்பினாள். “பேரிங் என் கையால மாத்தினது. இது போற வேகத்துக்கு நீங்க பின்னாடியே ஓடி வரணும்.”